எல்லா டெஸ்ட்டும் எடுத்த ரத்தத்தில் கிருமி எப்படி வரும்?

"பரிசோதித்த ரத்தம்தானே, அப்புறம் ஏற்றும்போது எப்படித் தொற்று வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோடு பக்கம் ரத்த வங்கி டெக்னீஷியனாகப் பல வருடம் ஊசி குத்தியவன் நான். கட்டாயமாகப் பார்ப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா. பாக்டீரியா அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் அது ரத்தத்திலிருந்தே வருவதில்லை. முழங்கை மடிப்புத் தோலில் குடியிருப்பதுதான் ஊசியோடு உள்ளே போய்விடுகிறது.

கோபி பக்கம் ஒரு முகாம். மஞ்சள் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார் ஒரு அண்ணன். நான் தேய்க்கத் தேய்க்க, "ஏனுங்க, குண்டாவா வெளக்கறீங்க?" என்றார். அரை நிமிடம் தேய்த்து, காயவிட்டு, ஊசியை எடுத்தால், "நரம்பு இங்கதானுங்க" என்று அதே இடத்தில் விரலை வைத்தார். மறுபடி முதலிலிருந்து. அப்போதுதான் பேச்சோடு பேச்சாக, "முந்தாநேத்து வயித்தால போச்சு, இப்பச் சரியாயிருச்சுங்க" என்றார். படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தார்! குணமாகி இரண்டு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பினேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் யெர்சினியா என்றொரு வயிற்றுக் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். சிவப்பணுப் பை அங்கே ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும்.

பிளேட்லெட் இன்னும் மோசம். அதைக் குளிரில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். வெளியில் வைத்த இட்லி மாவு கதைதான். அதனால்தான் பொதுவாக 5 நாள் கெடு. டெங்கு சீசனில் பிளேட்லெட்டுக்கு அலைபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒருமுறை ரத்தப் பையைக் கேரி பேக்கில் தொங்கவிட்டபடி பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாமனார் வார்டில் காத்திருக்கிறார். தயவுசெய்து நேராகப் போங்கள்.

ஏற்ற ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். உதறல் எடுத்தால் போர்வை போர்த்தி உட்கார்ந்துவிடாதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் ரத்தத்தை நிறுத்துவார்கள். பையைத் தூக்கிப் போட விடாதீர்கள். அந்த மிச்சத்தையும் நோயாளி ரத்தத்தையும் கல்ச்சர் வைத்தால்தான், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான், எந்தக் கிருமி என்று தெரியும். வங்கிக்கும் உடனே சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த அதே ஆளின் ரத்தத்திலிருந்து பிரித்த இன்னொரு பை வேறு யாருக்காவது கிளம்பிக்கொண்டிருக்கும்.