கொரோலா 110: பி.சி.வி. வால்வு இருக்கும் இடமும் அதை மாற்றும் முறையும்

வணக்கம். தங்கள் 5ஏ-எப்ஈ எஞ்சினில் எயார் பில்டர் ஒயிலில் நனைவதாகவும், ஒட்டுசுட்டான் கராஜில் பிஸ்டன் றிங் மாற்றச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய செலவில் இறங்குமுன் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் அறையில் சேரும் வாயுவை மீண்டும் எரிவதற்கு எஞ்சினுக்குள் அனுப்பும் சிறு வால்வு அது. அது அடைபட்டால், அந்த வாயு எயார் பில்டரோடு இணைந்த மற்றக் குழாய் வழியாக ஒயிலையும் இழுத்துக்கொண்டு பில்டர்ப் பக்கம் போய்விடும்.

எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரில் இருந்து, எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் இன்டேக் மனிபோல்டுக்குப் போகும் மெல்லிய ஹோஸைத் தொடர்ந்து சென்றால், கவரில் ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருக்கும் வால்வைக் காண்பீர்கள். எஞ்சின் ஓடும்போதே, ஹோஸைக் கழற்றாமல் வால்வை மட்டும் வெளியே எடுத்து அதன் வாயில் விரலை வைத்தால் பலமாக இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் வால்வோ ஹோஸோ அடைபட்டிருக்கிறது.

மாற்றும் வேலையை எஞ்சின் ஆறிய பின்னரே செய்யுங்கள். எங்கள் வன்னி வெயிலில் பழைய ரப்பர் வளையம் பிஸ்கற் போல நொறுங்கும். துண்டுகள் கவருக்குள் விழாதபடி, முதலில் சுற்றியுள்ள செம்மண் தூசியைத் துடைத்துவிட்டு, வால்வை மெதுவாகத் திருகித் திருகி இழுங்கள். வளையத்தையும் சேர்த்துப் புதிதாகவே போடுங்கள். ஹோஸின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சிலர் சொல்வதுபோல ஹோஸுக்குள் போல்ட் செருகி அடைத்துவிட வேண்டாம். உள்ளே அழுத்தம் கூடி ஒயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

புதிய வால்வு போட்டும் ஓரிரு வாரத்தில் பில்டர் மீண்டும் நனைந்தால், கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்த பின் றிங்கைப் பற்றிப் பேசலாம்.