மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் 7 வயது மகனைச் சேர்க்க, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி மறுக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அம்மா. வாய்வார்த்தையில் அனுப்பிவிட்டு, ‘இவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை’ என்பார்கள். பல புகார்கள் வலுவிழப்பது இங்கேதான். தர மறுத்தால் விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிரிவு 16இன்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுங்கள். மாற்றுத்திறன் 40 சதவீதம் என்ற மருத்துவச் சான்று இல்லையே என்று தயங்காதீர்கள். அது பிரிவு 31இன் இலவசக் கல்விக்கான நிபந்தனை.

இலவச வக்கீலுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.