ஸ்கிரீன்ஷொட் சாட்சி சொல்லுமா?

கேள்வி: வாடகை முற்பணம் வாங்கியதை வீட்டுக்காரர் இப்போது மறுக்கிறார். அவருடைய வட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கணினியில் வைத்திருக்கிறேன். அது போதுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது மட்டும் போதாது தங்கச்சி, ஆனால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தி எடுத்திருந்தால் பிக்சர்ஸுக்குள் ஸ்கிரீன்ஷொட்ஸ் என்ற கோப்புறையில் பிஎன்ஜி என்ற வகைப் படக் கோப்பாகக் கிடக்கும், உருவான திகதியையும் நேரத்தையும் கணினி கூடவே எழுதி வைத்திருக்கும், கணினிச் சான்றுகளைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் தேடுவது அதைத்தான். அதையே வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி வேறு கோப்பாகிவிடும். படத்தை யாரும் திருத்தலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அப்போது கைகொடுப்பது போனில் இருக்கும் அசல் உரையாடல். அதில் கை வைக்கவே வேண்டாம். கணினிச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இரண்டும் இலங்கையில் இருக்கின்றன. சரி, சட்டத்தரணியிடம் போகும்போது போனையும் கணினியையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.