பிபிசியும் பாலஸ்தீனமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிபிசி பிரிட்டிஷ் அரசின் ஊடகம்தானே? பாலஸ்தீனம் பற்றி அரசு சொல்வதைத்தானே அதுவும் சொல்லும்?

பதில்: அரசின் ஊடகம் அல்ல. பிரிட்டன் மக்கள் வீட்டுக்கு வீடு கட்டும் டிவி உரிமக் கட்டணத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. இந்தச் செய்தியைப் போடு, அதைப் போடாதே என்று அமைச்சர் உத்தரவிட முடியாது. ஆனால் கட்டணம் எவ்வளவு என்பது அரசின் முடிவு. பிபிசி இயங்க அடிப்படையான இப்போதைய அரச சாசனம் 2027 இறுதியில் முடிகிறது, அதைப் புதுப்பிப்பதும் அரசுதான். குடுமி அங்கே மாட்டியிருக்கிறது.

கேள்வி: அரசுக்குப் பிடிக்காததை எப்போதாவது சொல்லியிருக்கிறதா சார்?

பதில்: அரபு ஒலிபரப்பின் முதல் நாளே சொன்னது. இத்தாலியின் பாரி வானொலி பிரிட்டனுக்கு எதிராக அரபியில் பிரசாரம் செய்துவந்தது. அதற்குப் பதிலடியாக 1938 ஜனவரி 3 அன்று பிபிசி அரபு தொடங்கியது. அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, அரபுக் கிளர்ச்சியும் ஓயவில்லை. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி பாலஸ்தீன அரபு ஒருவர் அன்று காலை தூக்கிலிடப்பட்டதை முதல் செய்தியறிக்கையிலேயே வாசித்துவிட்டார்கள். வெளியுறவுத் துறை கொதித்தது. கசப்பான உண்மையை மறைப்பது தன் கொள்கை அல்ல என்று பிபிசி உறுதியாக நின்றது. அந்த நிமிர்வை அளவுகோலாக வைத்துத்தான் இன்றைய பிபிசியை நான் பார்க்கிறேன்.

கேள்வி: 2009-ல் காசாவுக்கு உதவி கேட்கும் வேண்டுகோளை மறுத்தார்களாமே?

பதில்: ஆமாம், அது பெரிய தவறு. பிரிட்டனின் முன்னணித் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து விடுத்த வேண்டுகோள் அது. ஐடிவியும் சேனல் 4-ம் ஒளிபரப்பின. நடுநிலை கெட்டுவிடும் என்று பிபிசி மறுத்தது, ஸ்கையும் மறுத்தது. முன்னாள் அமைச்சர் டோனி பென் பிபிசி நேரலையிலேயே, நன்கொடை அனுப்பவேண்டிய முகவரியைச் சொல்லிவிட்டார்! குழந்தைக்குப் போர்வை கேட்பதில் கட்சி ஏது? 2024 அக்டோபரில் காசா, லெபனான் மக்களுக்கான வேண்டுகோளை பிபிசி ஒளிபரப்பியது.

கேள்வி: 2025-ல் காசா ஆவணப்படங்களை நீக்கியது நியாயமா?

பதில்: இரண்டு படங்கள். ஒன்றில் கதை சொன்ன சிறுவனின் தந்தை ஹமாஸ் நிர்வாகத்தில் துணை அமைச்சர். அதைப் பார்வையாளரிடம் சொல்லாதது குற்றம், ஒப்புக்கொள்கிறேன். மற்றது காசா மருத்துவர்கள் தாக்கப்பட்டதைப் பற்றியது. சார்பு இருப்பதுபோலத் தோன்றும் என்று பிபிசி ஒளிபரப்பாமலே கைவிட்டது, ஜூலையில் சேனல் 4 ஒளிபரப்பியது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தகவல் பிழையும், தோற்றத்தைப் பற்றிய பயமும் ஒன்றல்ல.

கேள்வி: பிரிட்டன்தான் பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டதே, இனி செய்தி மாறுமா?

பதில்: பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைவதை ஆதரித்து 1917-ல் பால்ஃபர் பிரகடனம் வெளியிட்ட நாடு, 2025 செப்டம்பர் 21 அன்றுதான் அங்கீகரித்தது. 2014-லேயே நாடாளுமன்றக் கீழவை 274-க்கு 12 என்று ஆதரித்து வாக்களித்தும் அது அரசைக் கட்டுப்படுத்தவில்லை. எப்படியிருந்தாலும், அரசு நிலை மாறியதற்காகச் செய்தி மாறினால் அது வேறு வகைக் கோளாறு. 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காசாவுக்குள் சுயமாகச் செல்ல இஸ்ரேல் விடவில்லை. உள்ளூர்ச் செய்தியாளர்கள் உயிரைக் கொடுத்துப் படம் அனுப்பினார்கள். அவர்கள் பெயரைத் திரையில் போடுகிறார்களா என்று பாருங்கள், போடாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.