புதுப்பொலிவு வேண்டாம், பழுது பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சாவடி நூறு வயதைத் தாண்டியது. கருங்கல் தூண், சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை. கூரை ஒழுகுகிறது, சுவரின் அடிப்பக்கம் உதிர்கிறது. சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, எழுத்து வெட்டிய தூணுக்கு எனாமல் அடித்துப் புதுப்பொலிவு தரலாம் என்று ஊரில் வசூல் நடக்கிறது. அதைவிட, மத்தியத் தொல்லியல் துறையிடம் ஒப்படைப்பது நல்லதா?
- ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: இந்தப் 'புதுப்பொலிவு' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. எந்த ஊரில் அது காதில் விழுந்தாலும் அடுத்த வாரம் சிமென்ட் மூட்டை வந்து இறங்கும். கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்று ஒரு சொல் உண்டு. கட்டடத்தைப் பழுது பார்ப்பதற்கென்றே எழுதிவைத்த நிலம் அது. ஏரிக்கு அதேபோல ஏரிப்பட்டி. நிலம் விளையும்வரை பழுது பார்க்கவும் பணம் வரும். வசூலில் பாதியை வங்கியில் போட்டு, வட்டியை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் சாவடிக்குச் செலவிடுங்கள். இதுதான் என் முதல் யோசனை.

சுவருக்கு வருகிறேன். அடிப்பக்கம் உதிர்வது தரையிலிருந்து ஏறும் ஈரத்தால். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும், அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும், செங்கல் மாவாகும். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு போகும்.

ஆகவே சுவரைத் தொடும் முன் தெருவைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் சாவடியின் அடிக்கல் வரிசை புதைந்திருக்கும். அந்த மண்ணை எடுத்து, மழைத் தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட வேண்டாம். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பூச்சுக்கு, தண்ணீரில் ஒரு மாதமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் தூள் சேர்க்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்து, சுவரை நனைத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கட்டும். அவசரப்படும் மேஸ்திரி 'பிடிப்புக்கு' ஒரு சட்டி சிமென்ட் கலப்பார். அந்த ஒரு சட்டிதான் வேலையைக் கெடுக்கும்.

கூரையில், தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கியிருப்பார்கள். முதலில் மழைநீர் வெளியேறும் தூம்பு அடைத்திருப்பதையும் முளைத்த அரசங்கன்றையும் தேடுங்கள். கன்றை வெட்டினால் தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். விட்டத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய உளியால் குத்திப் பாருங்கள். உளுத்திருந்தால் அந்த விட்டத்தை மாற்றுங்கள். ஒழுகலை நிறுத்த மேலே கான்கிரீட் கொட்டினால் கனமும் கூடும், ஈரமும் உள்ளேயே தங்கும்.

தூணுக்கு எனாமலும் வேண்டாம், மணலை வேகமாக வீசிச் சுரண்டும் வேலையும் வேண்டாம். பழைய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் சீவலால் எடுத்துவிட்டு, எழுத்தை மைப்படி (மை தடவித் தாளில் எடுக்கும் நகல்) எடுக்க மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறினால் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 2010-இல் திருத்திய சட்டம் அது. சுற்றியுள்ள வீடுகளைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள். ஊர் உட்காரும் சாவடி ஊர்க் கையிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வேறு. அங்கே ஊர்ச்சபையின் சட்டமே மண்டபச் சுவரில் வெட்டியிருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919-லும் 921-லும். 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் அதில் உண்டு. அந்தச் சுவரில் யாராவது ஒரு கை பூச்சுப் பூசியிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. அந்தச் சட்டப்படி, வாரியத்தில் உறுப்பினராக இருந்தும் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு வர முடியாது. அவருடைய சித்தி, பெரியம்மா, அத்தை, மாமன் பிள்ளைகளும் வர முடியாது. உங்கள் வசூல் கணக்கையும் மாதாமாதம் எழுதிச் சாவடியிலேயே தொங்கவிடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், தூணில் கயிறு கட்டி மாட்டுங்கள்.