குட்டை நிரல்களே எஞ்சி நிற்பது ஏன்?

வணக்கம். தம்மைத் தாமே நகலெடுக்கும் நிரல்களைக் கொண்டு நீங்கள் அமைத்த செயற்கை உலகில், சில மணி நேரத்திலேயே மிகக் குட்டையான ஒரே வகை நிரல் நினைவகம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது, அதன்பின் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நிரல்களில் தற்செயலாக நேரும் மாற்றங்களின் அளவை, அதாவது பிறழ்வு விகிதத்தை, கூட்டுவதால் மட்டும் இது தீராது.

நீங்கள் எல்லா நிரல்களுக்கும் சமமான செயலி நேரம் தருகிறீர்கள். அந்தச் சம நேரத்துக்குள் குட்டையானது அதிக நகல்களை எடுத்துவிடும் என்பதால் நீளமானவை அழிவது இயல்பே. உயிரியலாளர் டாம் ரே உருவாக்கிய, உங்களுடையதைப் போன்ற செயற்கை உலகான டியெராவில் நேரத்தை நிரலின் நீளத்துக்கேற்பப் பங்கிட வழி உண்டு. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய தடை, ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்தைப் படிக்கவே முடியாது என்ற உங்கள் விதிதான். டியெராவில் பிறர் இடத்தில் எழுதத்தான் தடை; படிக்கவும் இயக்கவும் தடையில்லை. அதனால்தான் ரே முதலில் எழுதி இட்ட, 80 கட்டளைகள் கொண்ட மூதாதை நிரலின் வழியில், நகலெடுக்கும் பகுதியை இழந்து, அண்டை நிரலின் பகுதியை இரவல் வாங்கிப் பிழைக்கும் 45 கட்டளை ஒட்டுண்ணி யாரும் எழுதாமலேயே தோன்றியது. பின்னர் அதற்கு மசியாத நிரல்களும் தோன்றின. எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்க வைக்கும் நிகழ்வு இது.

மூன்றாவதாக, நிரலின் வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளைகளில், போக வேண்டிய இடத்தைக் குறிக்கும் எண் முகவரியை நீக்கிவிட்டு, அருகில் பொருந்தும் கட்டளை வரிசையைத் தேடும் முறையை வையுங்கள். எண் முகவரியில் ஒரு பிட் புரண்டாலே பெரும்பாலும் நிரல் செயலிழந்துவிடும். இம்மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றி, நீளவாரியாக நிரல்களின் எண்ணிக்கையைப் பதிவு செய்து இங்கே இடுங்கள்.