ஹெட்போனைச் செருகும் முன் மீட்டரை வையுங்கள்

இந்த முறை ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் பற்றிய கேள்விகள் மட்டும். வந்த கடிதங்களில் பல, "எந்த பாகத்தை மாற்ற வேண்டும்?" என்றுதான் தொடங்குகின்றன. பாகத்தை மாற்றுவது கடைசி வேலை. பழுது எங்கே இருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொண்டால், பாதி நேரம் ஒரு சொட்டு ஈயத்தோடு காரியம் முடிந்துவிடும்.

கேள்வி: புதிதாக மேசை ஆம்ப் ஒன்று வாங்கியிருக்கிறேன். திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? என் நல்ல ஹெட்போனை உடனே மாட்டலாமா?

மாட்டாதீர்கள். முதலில் டிசி ஆஃப்செட்டை, அதாவது வெளியீட்டில் கசியும் டிசி (ஒரே திசை மின்சாரம்) வோல்டேஜை அளந்துவிடுங்கள். ஆம்பின் வெளியீட்டில் இசைக்குரிய ஏசி (திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்) மட்டும்தான் வர வேண்டும். கூடவே டிசி கசிந்தால் ஹெட்போனின் 'காயில்' எனப்படும் கம்பிச் சுருள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும், சூடேறும். 32 ஓம் ஹெட்போனில் 4 வோல்ட் டிசி விழுந்தால் 125 மில்லிஆம்பியர் ஓடும். அந்த மெல்லிய கம்பிச் சுருளுக்குள் அரை வாட் வெப்பம் இடைவிடாமல் இறங்கும். சத்தம் எதுவும் வராது என்பதால் கருகிய பிறகுதான் தெரியவரும்.

இதற்கு ஒரு சின்ன சோதனைக் கருவி செய்துகொள்ளுங்கள். 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக் ஒன்று, 33 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் இரண்டு. பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஒன்று, நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மற்றொன்று. இதைச் செருகி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து இரண்டு ரெசிஸ்டர்களின் மேலும் தனித்தனியாக அளங்கள். 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அருமை. 20 வரை கவலை இல்லை. 50ஐத் தாண்டினால் அந்த ஆம்பை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 100க்கு மேல் போனால் மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்புங்கள்.

ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் ஜாக்கில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். வெளியீட்டில் கெபாசிட்டர் வைத்த ஆம்புகளில் சுமை இல்லாதபோது வோல்டேஜ் மிதந்துகொண்டிருக்கும், நல்ல ஆம்பையும் கெட்டதாகக் காட்டும்.

அடுத்து, பாட்டை நிறுத்திவைத்துவிட்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். மீட்டரில் எண் ஏறக்கூடாது. ஏறினால் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலிருந்து டிசி வருகிறது; உங்கள் பாட்டுக் கருவியே அதை அனுப்பலாம். ஆம்பைப் போடும்போதும் அணைக்கும்போதும் எண் ஒரு கணம் வோல்ட் கணக்கில் எகிறுகிறதா என்றும் பாருங்கள். எகிறினால், போட்ட பின் செருகுவது, பிடுங்கிய பின் அணைப்பது என்று பழகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஒரு மலிவான ஹெட்போனை மாட்டி, பென்சிலின் ரப்பர் முனையால் பெட்டியை மெல்லத் தட்டுங்கள். கரகரவென்று கேட்டால் உள்ளே எங்கோ டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈயப் பற்று இருக்கிறது.

கேள்வி: வால்யூமைத் திருகும்போது கரகர சத்தம் வருகிறது. கிளீனர் அடித்தேன், இரண்டு நாளில் மறுபடியும் வந்துவிட்டது.

இதில் இரண்டு வகை உண்டு. கார்பன் தடத்தில் தூசியோ ஆக்சைடோ படிந்திருந்தால், இருபது முப்பது முறை முழுதாகத் திருகியதும் சத்தம் குறையும். அதற்கு மின்சாதனங்களுக்கான கான்டாக்ட் கிளீனர் போதும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கால்கள் வெளிவரும் இடைவெளியில் ஒரே ஒரு முறை அடித்து, இரு முனை வரையும் திருகி, ஒரு மணி நேரம் காய விடுங்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது படலமாகத் தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தும் உடனே திரும்புகிறது என்றால் தடத்தின் வழியாக டிசி ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். கன்ட்ரோலின் வெளிக்கால்கள் இரண்டுக்கும் இடையே டிசி அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் உள்ளீட்டுக் கெபாசிட்டர் கசிகிறது, அல்லது அது இல்லவே இல்லை. வெளிக்கால்களில் டிசி இல்லாமலும் சத்தம் வரலாம். அப்போது காரணம் ஆப்-ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசியின்) பயாஸ் கரன்ட்டாக, அதாவது அதன் உள்ளீட்டில் எப்போதும் ஓடும் சிறு கரன்ட்டாக இருக்கும். என்இ5532 போன்ற ஐசி சராசரியாக 200 நானோஆம்பியரை உள்ளீட்டின் வழியே இழுக்கிறது. கன்ட்ரோலின் நடுக்காலை நேரடியாக அதில் கொடுத்திருந்தால், திருகும்போது அந்தக் கரன்ட் விட்டு விட்டுப் பாய்வதுதான் காதில் விழுகிறது.

நடுவே ஒரு கெபாசிட்டரும் தரைக்கு (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கு) 100 கிலோஓமும் போட்டால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 நானோஆம்பியர் 100 கிலோஓமில் 20 மில்லிவோல்ட்டை உண்டாக்கும், கெய்ன் (பெருக்கும் மடங்கு) 6 என்றால் வெளியீட்டில் 120. கரகரப்பை விரட்டிவிட்டு டிசியை வரவழைத்த கதை ஆகிவிடும். பயாஸ் கரன்ட் பிகோஆம்பியர் கணக்கில் உள்ள ஓபிஏ2134 போன்ற ஜேஃபெட் உள்ளீட்டு ஐசியாக மாற்றுவதுதான் நேர்வழி.

கேள்வி: மிகக் குறைந்த வால்யூமில் இடது பக்கம் மட்டும் கேட்கிறது. ஏற்றினால் சரியாகிவிடுகிறது. பழுதா?

பழுது என்று சொல்ல முடியாது. ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடங்கள் ஓடுகின்றன. லாக் வகைத் தடங்கள் அடிப்பகுதியில்தான் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகாது. கெய்ன் சுவிட்சைக் குறைவில் வையுங்கள். அப்படியும் குமிழை ஏற்ற முடியவில்லை என்றால் பாட்டுக் கருவியில் 10 முதல் 20 டெசிபல் குறையுங்கள். குமிழ் பாதிக்கு மேல் வந்தும் 1 டெசிபல், அதாவது சுமார் 12 சதவீத வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் மட்டும் கன்ட்ரோலை மாற்றுங்கள். ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ' என்று எழுத்திருப்பது லாக் (காதுக்கேற்ப முதலில் மெல்ல ஏறுவது), 'பி' லீனியர் (ஒரே சீராக ஏறுவது). மாற்றிப் போட்டுவிட்டால் குமிழைத் தொட்டதுமே சத்தம் காதைக் கிழிக்கும்.

கேள்வி: பிளக்கை ஆட்டினால் ஒரு பக்கம் வருகிறது, போகிறது. ஹெட்போன் வேறு ஆம்பில் நன்றாக இருக்கிறது.

ஹெட்போன் ஆம்பில் அடிக்கடி வரும் பழுது இதுதான். தயாரிப்புத் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதும் இதுதான். நீண்ட பிளக் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. ஜாக்கின் நட் முன் தகட்டில் இறுக்கமாக இருந்தால் அந்த விசையைத் தகடு தாங்கிக்கொள்ளும். நட் தளர்ந்திருந்தாலோ, அந்த மாடலில் நட்டே இல்லை என்றாலோ, முழு விசையும் போர்டில் உள்ள ஈயத்தின் மேல் இறங்குகிறது. போர்டைக் கழற்றி, ஜாக்கின் கால்களைப் பூதக்கண்ணாடியில் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளைய விரிசல் தெரியும். பிளக்கைச் செருகி ஆட்டினால் கால் தனியாக அசைவதையும் காணலாம்.

இருக்கும் ஈயத்தின் மேலேயே புது ஈயத்தை வைத்து மெழுகாதீர்கள். ஃபிளக்ஸ் தடவி, உறிஞ்சும் கம்பித் திரியால் பழையதை எடுத்துவிடுங்கள். காலில் கறுப்பு இருந்தால் சுரண்டுங்கள். ஜாக்கைத் தகட்டில் பொருத்தி நட்டை முதலில் இறுக்குங்கள். அதன் பிறகு சால்டர் வையுங்கள். முதலில் சால்டர் வைத்துவிட்டுப் பிறகு நட்டை இறுக்கினால், கால்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்து சில மாதங்களில் அதே இடத்தில் விரிசல் விடும். 60/40 ஈயத்துக்கு அயர்ன் 350 டிகிரி, ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடி போதும். ஜாக்கின் உள்ளே உள்ள பித்தளை நாக்குகள் துவண்டிருந்தால் சால்டர் எதற்கும் உதவாது. ஜாக்கையே மாற்ற வேண்டும்.

கேள்வி: காலையில் போட்டதும் வலது பக்கம் மங்கலாக இருக்கிறது. வால்யூமை ஒரு தடவை வேகமாக ஏற்றி இறக்கினால் சரியாகிறது.

ரிலே, அதாவது ஹெட்போனுக்குப் போகும் வழியை மின்சாரத்தால் இணைக்கும் சுவிட்ச். போட்ட சில விநாடி கழித்து 'டிக்' என்று கேட்கிறதல்லவா, அதுதான். அதன் கான்டாக்ட்டில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தைச் சின்ன சிக்னலால் துளைக்க முடியவில்லை; சத்தத்தை ஏற்றியதும் துளைத்துக்கொண்டு போகிறது. உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே காயில் வோல்டேஜும் அதே கால் அமைப்பும் உள்ள, தங்கப் பூச்சுக் கான்டாக்ட் கொண்ட சிக்னல் ரிலேயாக வாங்கி மாற்றுங்கள். பெரிய கரன்ட்டுக்கான பவர் ரிலே போட்டால் இதே தொல்லை சீக்கிரமே திரும்பி வரும்.

கேள்வி: கணினியில் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற ஹம். மவுஸை நகர்த்தினால் 'கீச்' என்று ஒரு சத்தம் வேறு. ஆம்பில் கெபாசிட்டர் போய்விட்டதா?

கெபாசிட்டரைத் தொடுவதற்கு முன் எல்லா உள்ளீட்டு வயர்களையும் பிடுங்குங்கள். அப்போதும் ஹம் இருந்தால்தான் ஆம்பின் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். வயரைப் பிடுங்கியதும் போய்விட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரு கருவிகளின் தரை வயர்கள் சேர்ந்து உண்டாகும் வளையம். மவுஸோடு சேர்ந்து மாறும் சத்தம் ஏறக்குறைய எப்போதும் யுஎஸ்பி தரை வழியாக வருவதுதான். மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அமைதியானால் சந்தேகமே இல்லை. ஆப்டிகல் இணைப்பு, யுஎஸ்பி ஐசொலேட்டர், அல்லது அனலாக் வயரில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், இவற்றில் ஒன்று லூப்பை அறுத்துவிடும்.

பவர் பிளக்கின் எர்த் காலை வெட்டினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டால், மின்சாரம் பெட்டி வழியாக உங்கள் மேல்தான் இறங்கும்.

கேள்வி: ஐசியைக் கழற்றி "வேகமான" ஆப்-ஆம்ப் ஒன்றைப் போட்டேன். ஒலி கடுமையாகிவிட்டது, ஐசியில் விரல் வைக்க முடியவில்லை.

உடனே அணையுங்கள். முதலில் 1ஆம் காலின் புள்ளி சாக்கெட்டின் வெட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வோல்டேஜ்: ஏடி8066 போன்றவை மொத்தம் 24 வோல்ட் வரைக்கும்தான்; உங்கள் போர்டில் பிளஸ் மைனஸ் 15 இருந்தால் மொத்தம் 30 ஆகிறது. இரண்டும் சரி என்றால் அது ஆசிலேட் ஆகிறது, அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அலைவுகளை உண்டாக்குகிறது. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நடப்பதால் மல்டிமீட்டரின் ஏசி அளவில் தெரியாது. சூடும், திடீரென்று மாறிய டிசி ஆஃப்செட்டும்தான் அடையாளம். இரட்டை ஐசியின் 4, 8 கால்களுக்கு இடையே போர்டின் அடியில், கால்களை மிகக் குட்டையாக வெட்டி, 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று போட்டால் பல சமயம் அடங்கும். அடங்காவிட்டால் பழைய ஐசியையே திரும்பப் போடுங்கள். போர்டை வரைந்தவர் அந்த ஐசிக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அதை மீறுவதால் கிடைக்கும் லாபம் மிகவும் சொற்பம்.

கேள்வி: கையடக்க ஆம்பின் பின்மூடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தி மூடி ஓட்டலாமா?

கூடாது. லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது. இனி சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். புதியது போடும்போது பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாக, அதே அளவுள்ளதாக வாங்குங்கள். சாதாரண 4.2 வோல்ட் செல்லில் சார்ஜ் முடிந்ததும் அதற்கு மேல் காட்டினால் சார்ஜிங் ஐசியைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பேலன்ஸ்டு 4.4 மில்லிமீட்டர் வெளியீட்டிலிருந்து சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஹெட்போனுக்கு அடாப்டர் கிடைக்குமா?

கிடைத்தாலும் வாங்காதீர்கள். சாதாரண ஹெட்போனில் இரண்டு பக்கத்து மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டுமே தனித்தனி ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு. ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி வெளியீட்டு ஐசி போய்விடும். எதிர்த்திசை அடாப்டர், அதாவது பேலன்ஸ்டு வயர் போட்ட ஹெட்போனைச் சாதாரண ஜாக்கில் செருகுவது, பிரச்சினை இல்லை.

கேள்வி: பத்து வருடப் பழைய ஆம்ப். எல்லா எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரையும் மாற்றிவிடலாமா?

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. தலை உப்பியது, அடியில் கசிந்தது, ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பது, இவற்றில் தொடங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ஒரே போர்டில் சூட்டின் அருகில் உள்ளது செத்திருக்கும், ஓரத்தில் உள்ளது புதிது போல இருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்டேஜ், 105 டிகிரி வகை வாங்குங்கள். கழற்றும் முன் போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் கோட்டை மாற்றி வைத்தால் வெடிக்கும்.

கேள்வி: வால்வு ஆம்பில் 6டிஜே8க்குப் பதில் 12ஏயு7 போடலாமா? இரண்டும் ஒன்பது கால்தானே.

ஹீட்டர் கால்கள் ஒத்துப்போகாது. 6டிஜே8க்கு 4, 5ஆம் கால்களுக்கிடையே 6.3 வோல்ட். 12ஏயு7க்கு அதே கால்களில் 12.6 வேண்டும், 6.3இல் ஓட்ட வேண்டுமானால் 9ஆம் காலையும் சேர்த்துக் கம்பியிழுக்க வேண்டும். 6டிஜே8இல் அந்த 9ஆம் கால் உள் தடுப்புத் தகட்டுக்குப் போகிறது. ஆகவே 12ஏயு7 உங்கள் சாக்கெட்டில் மங்கலாக எரிந்து சரியாக வேலை செய்யாது, 12.6 வோல்ட் சாக்கெட்டில் 6டிஜே8ஐப் போட்டால் ஹீட்டர் எரிந்துபோகும். தயாரிப்பாளரின் கையேட்டில் இரண்டுக்கும் ஜம்பர் இருப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். அந்த ஜம்பரைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.